விளையாட்டுக்கு என்ன விலை?

கேம்ஸ் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

தில்லி நேரு பிளேஸில் சனிக்கிழமைகளில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. நடைபாதையில் கூவி விற்பவர்களைத் தாண்டி ஒரு அப்பாவும் கல்லூரியில் படிக்கும் மகனும் கடைக்குள் நுழைகிறார்கள். படிப்புக்கா, கேம்ஸுக்கா என்று கேட்கிறார் கடைக்காரர். அப்பா முதலாவதைச் சொல்வார், மகன் இரண்டாவதை. சில நிமிடங்களில் ஒரு துண்டுச் சீட்டு தயார். பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர். இவற்றுக்கு நடுவே மொத்தத்தில் பெரும் பங்கை விழுங்கும் ஒற்றை வரி: கிராபிக்ஸ் கார்டு. கூட்டுத் தொகை ரூ. 80,000 என்று வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் அது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

மும்பை லாமிங்டன் சாலையிலும் பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் சீட்டு ஏறக்குறைய இதேதான். அப்பாக்களின் கேள்வியும் அதேதான்: இவ்வளவு பணம் தகுமா?

விடை சீட்டில் இல்லாத ஒரு கணக்கில் இருக்கிறது. வாரம் 10 மணி நேரம் வீதம் ஐந்து ஆண்டுகள் விளையாடினால் 2,600 மணி நேரம். மணிக்குச் சுமார் ரூ. 31. பரீட்சை, வேலை என்று வாரத்துக்கு 2 மணி நேரமே கிடைத்தால் அதே மெஷினில் மணிக்கு ரூ. 154. விலை ஒன்றுதான். மதிப்பில் ஐந்து மடங்கு வித்தியாசம்.

யாரோ வைக்கும் விலை

இந்தச் சந்தையில் விலையை நிர்ணயிக்கும் சக்திகள் பலவும் விளையாட்டோடு சம்பந்தமே இல்லாதவை. 2020 செப்டம்பரில் என்விடியா தனது ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு அமெரிக்காவில் 699 டாலர் விலை வைத்தது. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் ரூ. 51,000. அதன் மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ. 60,000. இந்தியாவுக்கு அறிவித்த தொடக்க விலையோ ரூ. 71,000. டாலருக்கும் வரிக்கும் போக மிஞ்சிய பதினோராயிரம், கப்பலிலிருந்து கடை வரை சரக்கைக் கைமாற்றுகிறவர்களின் செலவும் லாபமும்.

அந்த விலைக்குக் கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்ற நிலை விரைவில் வந்தது. கொரோனா காலத்தின் சிப் தட்டுப்பாடு ஒருபுறம். எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை உருவாக்குவதற்காகக் கார்டுகளை மொத்தமாக அள்ளியவர்கள் மறுபுறம். 2021இல் அறிவித்த விலையைப் போல இரு மடங்கு கேட்ட கடைகளும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் செயல்முறையை மாற்றிக்கொண்டது. அதற்குக் கிராபிக்ஸ் கார்டுகளே தேவையில்லை என்றாயிற்று. இரவு பகலாக ஓடிய கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வந்து குவிந்தன. பழைய கார்டு வாங்குகிறவர்கள் பில்லையும் மிச்சமிருக்கும் வாரண்டியையும் பார்த்து, கண்ணெதிரே அரை மணி நேரம் ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

2025இன் கடைசி மாதங்களில் ரேமின் முறை. செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை வாங்கிக் குவிக்க, விலை தாவியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தனது குரூஷியல் பிராண்டைக் கைவிடப்போவதாகவே அறிவித்தது.

மானிட்டரிலிருந்து தொடங்குங்கள்

விலை கையில் இல்லை. தேவை கையில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி மானிட்டர். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், அதாவது நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளியையும் வினாடிக்கு 60 தடவையோ 144 தடவையோ வரைந்து தள்ள வேண்டியது கார்டின் வேலை. 1080பி மானிட்டரை வைத்துக்கொண்டு 4கேவுக்கான கார்டை வாங்குவது, சந்துக்குள் ஓட்ட லாரி வாங்குவதைப் போன்றது.

அதற்காகக் கண்ட இடத்திலும் சிக்கனம் கூடாது. பலரும் கை வைப்பது எஸ்எம்பிஎஸ்ஸில்தான். பெயர் தெரியாத மலிவுப் பெட்டி கெட்டுப்போகும்போது சும்மா போகாது. மதர்போர்டையும் கார்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகக்கூடும். மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. கார்டின் மெமரியும் அப்படித்தான். 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கம்ப்யூட்டருக்கு வந்தபோது, மூன்று வருடம்கூட ஆகாத 8 ஜிபி கார்டுகள் திணறின.

சரக்கு யாருடையது?

மெஷின் வந்த பிறகு கேம்ஸ் செலவு. ஒரு காலத்தில் இதே சந்தைகளில் திருட்டு சிடிக்கள்தான் ராஜ்ஜியம் செய்தன. 2015இல் ஸ்டீம் கடை ரூபாயில் விலை போடத் தொடங்கியதும், அதே ஆண்டு பணம் திருப்பித் தரும் முறையைக் கொண்டுவந்ததும் நிலைமையை மாற்றின. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

பொறுத்தவர்களுக்கு லாபம் என்பதற்கு 'சைபர்பங்க் 2077' நல்ல உதாரணம். 2020 டிசம்பரில் ரூ. 2,999க்கு வந்த கேமில் அவ்வளவு கோளாறுகள். 2023 செப்டம்பரில் வந்த பெரிய திருத்தத்துக்குப் பிறகே அது சொன்னபடி நடந்தது. முதல் நாளே வாங்கியவர்கள் முழு விலை கொடுத்துச் சோதனை எலிகளானார்கள். காத்திருந்தவர்களோ தள்ளுபடி விலையில் நல்ல சரக்கை வாங்கினார்கள். மறுபக்கம், ஒரே மனிதர் உருவாக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்ட்யூ வேலி'. விலை ரூ. 500க்குள், ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாத விளையாட்டு, தனி கார்டே தேவையில்லை. 'வேலரன்ட்', 'டோட்டா 2' போன்றவற்றுக்குக் கட்டணமே கிடையாது.

வாங்கியது சொந்தமா என்பது வேறு கேள்வி. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' கேமின் சர்வர்களை அணைத்தது. காசு கொடுத்தவர்களாலும் அதன் பிறகு விளையாட முடியவில்லை. பட்டனில் 'வாங்கு' என்று போட்டிருந்தாலும், கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே.

நேரு பிளேஸ் அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே சமாதானம் சாத்தியம். சீட்டில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் ஒன்றுக்குப் பதில் இரட்டை ரேமும் இருக்கட்டும். உள்ளேயே கிராபிக்ஸ் வசதி கொண்ட பிராசஸர் ஒன்றைப் போட்டால் இலவச கேம்களும் பழைய கேம்களும் தாராளமாக ஓடும். அந்தப் பெரிய வரியை இப்போதைக்கு அடித்துவிடலாம். வாரம் பத்து மணி நேரம் உண்மையிலேயே விளையாடுகிறானா என்பது ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் கார்டு வேண்டும் என்று தோன்றினால், அதை மாட்டுவதற்கான இடம் மதர்போர்டில் காலியாகவே இருக்கும்.