மூக்கைக் காட்டியவர் யார் யார்? தக்கலை முகாமின் உள்பக்கம்!

அந்தப் பந்தலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா? வெளியே நின்று பார்த்தால் ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, முழு உடுப்புக்குள் முகமே தெரியாத இரண்டு பேர், ஓரமாகக் கபசுரக் குடிநீர் அண்டா. இதுதான் கொரோனா முகாம் என்று 2020-லும் 2021-லும் குமரி மாவட்டத்துத் தக்கலையில் எத்தனையோ பேர் கடந்து போயிருப்பார்கள். உள்ளே நடந்ததோ கல்யாண வீட்டின் பின்கட்டு வேலை! அத்தனை கை, அத்தனை வேகம்.

மூக்குக்குள் போய் வந்த குச்சி நேராக இளஞ்சிவப்புத் திரவம் இருக்கும் சின்னக் குழாய்க்குள் இறங்கும். நீட்டிக்கொண்டிருக்கும் மீதிக் குச்சி டக்கென்று ஒடியும். மூடியை இறுக்கி, பெயரும் எண்ணும் ஒட்டினால் அடுத்த ஆள். குழாய் எங்கே போகிறது தெரியுமா? குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து சுமந்து வருகிற அதே மாதிரிப் பெட்டிக்குள்! சுற்றிலும் ஐஸ் பட்டை. 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி குறையக் கூடாது. வில்லுக்குறி தாண்டி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி வரை சுமார் 15 கிலோமீட்டர் அது பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும்.

அங்கேதான் உண்மையான வேடிக்கை. 96 குழி கொண்ட கையகலத் தட்டு. வழக்கமாக 2 குழி, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க. மீதியில் தக்கலைக்காரரும் குளச்சல்காரரும் தோவாளைக்காரரும் பக்கத்துப் பக்கத்தில்! வைரஸின் துணுக்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் இயந்திரம் அதை இரண்டாக்கும், நாலாக்கும், எட்டாக்கும். முப்பத்தைந்து சுற்று ஓடினால் அந்த ஒன்று 3,400 கோடியைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இப்படி மாட்டிவிடும் வித்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

தனியார் ஆய்வுக்கூடத்தில் இதே சோதனைக்கு 2020 மார்ச்சில் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 4,500 ரூபாய். அரசு முகாமில் ஒரு பைசா கிடையாது. அப்படியானால் ஊரே திரண்டிருக்க வேண்டுமே?

திரளவில்லை. வந்தவர்களைப் பாருங்கள்: வளைகுடாவிலிருந்து இறங்கியவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், பிரசவ நாள் நெருங்கிய பெண்கள், வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டதால் அழைக்கப்பட்டவர்கள், வேலையிடத்தில் சீட்டு கேட்டதால் வந்தவர்கள். காய்ச்சலே இல்லாமல், யாரும் சொல்லாமல், தானாக வந்து நின்றவர் அபூர்வம். ரப்பர் பால் வெட்டுகிறவரும், முந்திரி ஆலைக்குப் போகும் அக்காவும், கொத்தனாரும் தயங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சோதனை இலவசம்தான். பாசிட்டிவ் வந்தால் போகும் 14 நாள் கூலியை யார் தருவார்? போதாததற்கு வாசலில் ஸ்டிக்கர், சில இடங்களில் தகரம், தெருவெல்லாம் பேச்சு. பயந்தது குச்சிக்கு அல்ல.

தக்கலைக்கு மட்டும் வந்த தயக்கமும் இல்லை இது. 2020 நவம்பர் 6-ஆம் தேதி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் அறிகுறி இல்லாதவர்களுக்கும் இலவசச் சோதனையைத் திறந்துவிட்டது. அங்கேயும் வசதி குறைந்த பகுதிகளிலிருந்துதான் ஆள் குறைவாக வந்தார்கள். தனிமைப்படுத்தினால் வருமானம் போய்விடுமே என்ற அதே கணக்கு!

இனி இந்தப் பின்கட்டின் நாயகியைச் சொல்லாமல் முடியுமா? கிராம சுகாதாரச் செவிலியர்! சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவர். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி, எந்தப் பாட்டாவுக்குச் சர்க்கரை என்பதெல்லாம் அவர் பதிவேட்டில், அதைவிட அவர் மனசில். “பாட்டா, ஒண்ணும் செய்யாது, பைய வாருங்க, நான் கூட நிக்கேன்” என்று அவர் சொன்னால் கதவு திறக்கும். மைக் கட்டிய ஆட்டோ எத்தனை தெரு சுற்றினாலும் கிடைக்காத ஆளை அந்த ஒரு குரல் கூட்டி வந்துவிடும். முகாமில் பங்கேற்றவர்கள் பட்டியல் போட்டால் முதல் பெயர் அவருடையதுதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வராதவர்கள் கணக்கில் வராமலே போனார்களா? அங்கேதான் இன்னொரு குழு வருகிறது, பாருங்கள்! 2021 ஜூன், ஜூலையில் தமிழகப் பொது சுகாதாரத் துறை, வருகிறவர்களுக்காகக் காத்திராமல், சீட்டுக் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தெடுத்துத் தானே போய் இரத்த மாதிரி எடுத்தது. 26,610 பேரில் 66.2 சதவீதத்தினருக்கு எதிர்ப்பணு. தடுப்பூசி போட்டவர்களும் அதில் சேர்த்தி. அப்போது மாநிலத்தில் சோதனையில் உறுதியான தொற்று சுமார் 25 லட்சம். மக்கள் தொகையோ 7 கோடிக்கு மேல். முகாமுக்கு வராமலே எத்தனை பேரை நோய் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது!

அடுத்த மாதமே காட்சி மாறியது. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளாவிலிருந்து தமிழகத்துக்குள் வர, 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் சான்று, அல்லது இரண்டு ஊசி போட்ட சான்று வேண்டும் என்றாயிற்று. களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டித்தானே இந்த மாவட்டத்துப் பாதிப் பிழைப்பு? திருவனந்தபுரத்தில் வேலை, தக்கலையில் வீடு என்று இருந்தவர்கள் வீடு திரும்பவே சான்று வேண்டும்; அவர்களுக்குக் குச்சி அப்போது கூலியைப் பறிப்பதல்ல, கூலிக்கு வழி திறப்பது. மூக்கைக் காட்டத் தயங்கிய அதே ஆள்கள் தாமாகவே கேட்டார்கள்: “சிஸ்டர், ரிசல்ட் எப்பம் வரும்? திங்கக்கிழமை வேலைக்குப் போணும்.”