முந்தைய வேதங்களும் நீதியின் தராசும்

எல்லாப் புகழும் ஏக வல்லோன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவ நண்பர்களுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். அவர்கள் வீடு திரும்பி, “பைபிள்தான் இன்ஜீலா? அது முழுவதும் மாற்றப்பட்டுவிட்டதா?” என்று வினவுகின்றனர். “ஆம், எல்லாம் பொய்” என்று ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அந்த விடை உண்மையானதா? மார்க்கம் அனுமதித்த விடையா? இன்றைய உரையில் இதைச் சிந்திப்போம்.

முதலில் நமது அகீதாவைத் தெளிவாக்கிக் கொள்வோம். தவ்ராத், ஸபூர், இன்ஜீல் ஆகியவை அல்லாஹ் அருளிய வேதங்கள் என்று நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்றாகும். இன்ஜீல் என்பது நபி ஈஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்டது. ஆனால் இன்று கிறிஸ்தவர்களின் கையில் உள்ள மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நான்கு நூல்களும் ஈஸா (அலை) அவர்களின் வாழ்வையும் போதனையையும் பற்றிப் பிறர் எழுதியவை. கிறிஸ்தவர்களும் அப்படியே கூறுகின்றனர். எழுதியவர்களுக்கு இறைவனின் தூண்டுதல் இருந்தது என்பது அவர்களின் நம்பிக்கை. திருக்குர்ஆனைப் போல் சொல்லுக்குச் சொல் இறக்கப்பட்டது என்று அவர்களில் பெரும்பாலோர் வாதிடுவதில்லை.

எனவே இங்கே இரண்டு கேள்விகள் உள்ளன. ஒரு வாசகம் மூல ஏட்டில் இருந்ததா என்பது வரலாற்றின் கேள்வி. அந்த வாசகம் கூறும் கொள்கை சத்தியமா என்பது ஈமானின் கேள்வி. இவ்விரண்டையும் கலப்பதனால்தான் குழப்பங்கள் விளைகின்றன.

இதற்கு ஓர் உதாரணத்தைப் பாருங்கள். யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் விண்ணில் சாட்சியாக இருப்பதாகவும் அம்மூவரும் ஒன்றே எனவும் கூறும் ஒரு வாசகம் உண்டு. நம் நாட்டுப் புராட்டஸ்டண்டு மக்கள் நெடுங்காலமாக வாசித்துவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதைக் காணலாம். ஆனால் 1995ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பின் அதே இடத்தில் அது இல்லை. ஏன்?

இந்த வாசகம் லத்தீன் மொழிப் பிரதிகளின் வழியாகப் பரவியது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பழம்பெரும் கிரேக்க ஏடுகளில் அது கிடையாது. எராஸ்மஸ் என்னும் கிறிஸ்தவ அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516லும் 1519லும் அச்சிட்டபோது, கிரேக்கப் பிரதிகளில் காணாத அந்த வாசகத்தைச் சேர்க்கவில்லை. கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் அந்த வாசகம் அடங்கிய ஒரு கிரேக்கக் கையெழுத்துப் பிரதி வெளிப்பட்டது. அப்பிரதி இன்று டப்ளின் நகர டிரினிட்டி கல்லூரியில் உள்ளது. 1522ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் எராஸ்மஸ் அவ்வாசகத்தைச் சேர்த்தார். அங்கிருந்து அது ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளுக்குச் சென்றது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளிலும் இடம்பெற்றது. 1881இல் வெளியான திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு அதை நீக்கிவிட்டது.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலையும் கவனிக்கத் தக்கது. இந்த வாசகத்தின் உண்மைத் தன்மையை மறுப்பது பாதுகாப்பானதன்று என்று 1897ஆம் ஆண்டு ரோமாபுரி அறிவித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து 1927இல், அறிஞர்கள் இதை ஆராய்ந்து முடிவுக்கு வரலாம் என்று அதே பீடம் விளக்கம் அளித்தது.

சகோதரர்களே! இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. முதலாவது, வேதத்தின் ஏடுகளில் மனிதக் கரம் புகுந்த இடங்கள் உண்டு என்பது வரலாற்றால் நிலைநாட்டப்பட்ட உண்மை. அதை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தோரில் பெரும்பாலோர் கிறிஸ்தவ அறிஞர்களே. தம் கொள்கைக்கு வலுச் சேர்ப்பதாகத் தோன்றிய ஒரு வசனத்தைத் தாமே நீக்கிய அந்த நேர்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

இரண்டாவது, அந்த வசனம் விழுந்ததால் திரித்துவக் கொள்கையே விழுந்துவிட்டது என்று கூறுவது சரியான வாதமன்று. கி.பி. 325இல் நிக்கேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய கிறிஸ்தவ ஆயர்கள், இந்த வசனத்தின் துணையின்றியே தம் கொள்கையை வகுத்தனர். நாம் திரித்துவத்தை ஏற்காதது அல்லாஹ் ஒருவன், அவனுக்கு இணையில்லை என்று திருக்குர்ஆன் போதிப்பதனால்தான். நமது தவ்ஹீத் எந்த ஏட்டின் மையையும் நம்பி நிற்கவில்லை.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை அறிந்தே செயல்பட்டனர். 1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆக்ரா நகரில், மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்களுக்கும் பாதிரியார் ஃபாண்டருக்கும் இரண்டு நாட்கள் விவாதம் நடைபெற்றது. மௌலானாவுக்குத் துணைநின்ற டாக்டர் வஸீர்கான் ஐரோப்பிய அறிஞர்களின் ஆய்வு நூல்களைத் திரட்டி வைத்திருந்தார். அவர்கள் வசைமொழி பேசவில்லை. கிறிஸ்தவ அறிஞர்களின் நூல்களிலிருந்தே ஆதாரம் எடுத்து வைத்தனர். சில இடங்களில் மாற்றம் நிகழ்ந்துள்ளதைப் பாதிரியார் ஒப்புக்கொண்டார்; எனினும் அதனால் அடிப்படைப் போதனை பாதிக்கப்படவில்லை என்று வாதிட்டார். பின்னாளில் மௌலானா அவர்கள் ‘இள்ஹாருல் ஹக்’ என்னும் நூலை இயற்றினார்கள். புனித மக்காவில் ஸவ்லத்திய்யா மத்ரஸாவை நிறுவினார்கள். கற்றுவிட்டுப் பேசியவர்களின் வழி அது.

ஆனால் இன்று நம்மில் சிலர் கற்காமலே பேசுகின்றனர். நான்கு நற்செய்தி நூல்களும் நிக்கேயா மாநாட்டில் வாக்கெடுப்பு நடத்தித் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பர். அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. ஏறத்தாழ கி.பி. 180லேயே லியோன் நகர ஆயர் இரேனியஸ் இந்நான்கு நூல்களையும் பெயர் கூறி எழுதியுள்ளார். பழைய வேதம் ஒரு வரிகூட எஞ்சாமல் மாறிவிட்டது என்பர். 1947 முதல் சாக்கடல் அருகிலுள்ள குகைகளில் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை அறியப்பட்டிருந்த எபிரேய ஏடுகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டது. அதில் சிறுசிறு வேறுபாடுகள் பல உள்ளன. எனினும் அது பெருமளவில் இன்றைய ஏசாயா நூலே ஆகும். நமக்குச் சாதகமான சான்றை எடுத்துக்கொண்டு, சாதகமற்ற சான்றை மறைப்பது முஃமினுக்கு அழகா?

பர்னபா எழுதிய நற்செய்தி என்னும் நூலையும் சிலர் பெரும் ஆதாரமாகக் காட்டுகின்றனர். பெருமானார் (ஸல்) அவர்களின் திருப்பெயர் அதில் இருப்பதே காரணம். அன்பர்களே! ஹதீஸ் கலை வல்லுநர்களின் அளவுகோலை அதன் மீது வைத்துப் பாருங்கள். அதற்கு அறிவிப்பாளர் தொடர் உண்டா? கிடையாது. அதன் இத்தாலிய மொழிப் பிரதி வியன்னாவில் உள்ளது. அது சுமார் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர் ஆய்வாளர்கள். உள்நாட்டு ஊரான நாசரேத்துக்குப் படகில் சென்றதாக அதில் வருகிறது. ஈஸா (அலை) அவர்களே தாம் மஸீஹ் அல்லர் என்று கூறியதாகவும் வருகிறது. திருக்குர்ஆனோ அவர்களையே அல்மஸீஹ் என்று அழைக்கிறது. அன்னை மர்யம் (அலை) அவர்கள் வலியின்றி ஈன்றதாக அந்நூல் சொல்கிறது. பிரசவ வேதனை அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சென்றதை ஸூரத்து மர்யம் எடுத்துரைக்கிறது. இத்தகைய நூலை நம் சத்திய மார்க்கத்திற்குச் சாட்சியாக நிறுத்தலாமா? இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸை, அது நபி (ஸல்) அவர்களைப் புகழ்ந்தாலும் நம் இமாம்கள் தள்ளிவிட்டனர். அதே நேர்மை இங்கும் வேண்டும்.

“அப்படியானால் நம் குர்ஆனையும் வரலாற்றால் அளக்கலாமா?” என்று ஓர் இளைஞர் கேட்கக்கூடும். தாராளமாக! பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள குர்ஆன் ஏடுகளின் தோல், கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்னும் சோதனை முடிவை 2015ஆம் ஆண்டு அறிவித்தனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் அச்சோதனை தோலின் வயதைச் சொல்லும். அதில் எழுதப்பட்டிருப்பது வஹீ என்று சொல்லாது. ஹாஃபிழ்களின் நெஞ்சங்கள் வழியாக வந்த வேதத்தை, அந்தச் சோதனைக்கு முன்பும் நாம் நம்பினோம். அது நடக்காமல் இருந்திருந்தாலும் நம்பியிருப்போம். நமக்கு உரிய இந்த நியாயத்தைப் பிறருக்கும் வழங்க வேண்டும். ஏட்டில் ஒரு பிழை காட்டப்பட்ட மாத்திரத்தில் கிறிஸ்தவ அண்டை வீட்டாரின் இறைநம்பிக்கை அழிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

மார்க்கம் நமக்குக் காட்டிய வழி எது? வேதக்காரர்கள் கூறுவதை உண்மையென்று ஏற்றுவிடவும் வேண்டாம், பொய்யென்று மறுத்துவிடவும் வேண்டாம் என்னும் கருத்தில் நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இதை வைத்து நம் உலமாக்கள் மூன்று வகை வகுத்தனர். குர்ஆனும் ஸுன்னாவும் உறுதிப்படுத்துவதை நாம் உண்மையென்று ஏற்போம். அவற்றுக்கு முரணானதை ஏற்கமாட்டோம். இரண்டிலும் சேராததைப் பற்றி மௌனம் காப்போம். வேதக்காரர்களுடன் அழகிய முறையிலேயே வாதிட வேண்டும் என்பது அன்கபூத் ஸூராவின் (29:46) கட்டளை. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பும்கூட நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்யக் கூடாது என்பது மாயிதா ஸூராவின் (5:8) எச்சரிக்கை. நீதி என்பது சொத்துப் பங்கீட்டில் மட்டுமா? பிறர் நூலைப் பற்றி நாம் உரைக்கும் ஒவ்வொரு சொல்லிலும் அது கடமையல்லவா?

எனவே பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கேட்டால் இவ்வாறு சொல்லுங்கள்: “அல்லாஹ் ஈஸா நபிக்கு இன்ஜீலைக் கொடுத்தான். இன்றுள்ள நூலில் அந்தப் போதனையின் சுவடுகளும் உண்டு. மனிதர்கள் சேர்த்தவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய நமக்கு உரைகல்லாகக் குர்ஆன் இருக்கிறது. உன் நண்பனின் வேதத்தைப் பரிகசிக்காதே. தெரிந்ததைப் பேசு, தெரியாததை ஆலிமிடம் கேள்.” இந்த விடையைப் பெற்ற பிள்ளை நாளை அறிவுள்ள ஒரு கிறிஸ்தவரின் முன் நாணித் தலைகுனிய நேராது, அவர் மனத்தைப் புண்படுத்தவும் செய்யாது. பொய்யான ஓர் ஆதாரத்தின் மீது எழுப்பிய ஈமான், அந்த ஆதாரம் சரியும் நாளில் ஆட்டம் காணும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளில் உண்மையையும், நம் தீர்ப்புகளில் நீதியையும், நம் உள்ளங்களில் அசையாத ஈமானையும் தந்தருள்வானாக! ஆமீன்.