நினைத்தால் விரியும் விரல்கள்: பக்கவாதத்துக்குப் பின் ரோபோ கையுறை

கால் வருகிறது, கை வருவதில்லை

பக்கவாதம் வந்தவர் வீட்டில் முதல் சில வாரங்கள் எல்லோர் கண்ணும் காலின் மேல்தான் இருக்கும். எழுந்து நிற்கிறாரா, பாத்ரூம் வரை நடக்கிறாரா என்றுதான் விசாரிப்பார்கள். ஆறு மாதம் போனதும் தாம்பரம் பக்கம் சேலையூரிலோ முடிச்சூரிலோ அவர் கைத்தடி ஊன்றித் தெருமுனை டீக்கடை வரை போய்வருவார். ஆனால் டீ கிளாஸை வாங்க இடது கையைத்தான் நீட்டுவார். வலது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். சட்டைப் பொத்தான் போடவும் வேட்டி கட்டவும் இன்னொருவர் வேண்டும்.

மூளையின் ரத்தக்குழாய்களில் அதிகம் அடைபடுவது நடு மூளைத் தமனி. கையையும் முகத்தையும் ஆளும் பகுதிக்கு, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆளும் பகுதிக்கும், ரத்தம் கொண்டுபோவது அதுதான். காலை ஆளும் பகுதியோ மூளையின் உள்பக்கமாக, வேறொரு தமனியின் எல்லைக்குள் இருக்கிறது. அதனால் கால் பல நேரம் தப்பித்துக்கொள்கிறது. மேலும், நடையின் தாளத்தில் ஒரு பங்கைத் தண்டுவடமே கவனித்துக்கொள்ளும். ஒற்றை விரலை மட்டும் நீட்டுவது அப்படியில்லை. மூளையின் மேற்பரப்பிலிருந்து நேராக இறங்கும் நரம்புப் பாதை அதற்குக் கட்டாயம் வேண்டும்.

வீட்டாரின் பாசமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஊட்டிவிடுவதும் உடுத்திவிடுவதும் பழகிப்போனால், கொஞ்சம் உயிர் இருக்கிற கையைக்கூட நோயாளி மறந்துவிடுகிறார். பயன்படுத்தாத கைக்கு மூளை தன் இடத்தைக் குறைத்துக்கொண்டே வரும்.

போதாக்குறைக்கு யாராவது ஒரு மஞ்சள் ஸ்மைலி பந்தை வாங்கி வந்து அமுக்கச் சொல்வார்கள். விரல்கள் ஏற்கெனவே இறுகி மடங்கியிருப்பவருக்கு இதைப் பல பிசியோதெரபிஸ்ட்டுகள் வேண்டாம் என்பார்கள். அவருக்கு மூடும் வேலை தேவைக்கு மேலேயே நடக்கிறது. வராமல் கிடப்பது விரிக்கும் வேலை. மூளை அலையில் இயங்கும் ரோபோ கையுறைகளில் பலவும் குறிவைப்பது அதைத்தான்.

தொப்பியும் கையுறையும்

மனித மூளையின் மின் அலைகளை ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் பதிவு செய்தது 1924-ல். நூறு ஆண்டுகள் கழித்தும் அடிப்படை அதேதான். வலிப்பு நோயாளிகளுக்கு எடுக்கும் இஇஜி பரிசோதனையில் தலையில் மின்முனைகளை ஒட்டுவார்களே, இங்கே அவற்றைத் தொப்பியில் பதித்து மாட்டுகிறார்கள்.

கை சும்மா இருக்கும்போது, அதை ஆளும் மூளைப் பகுதியில் வினாடிக்கு 8 முதல் 13 தடவை வரை ஏறி இறங்கும் ஓர் அலை ஓடிக்கொண்டிருக்கும். கையை அசைக்க முனைந்த உடனே அந்த அலை தணிகிறது. கை உண்மையில் அசையாவிட்டாலும், அசைப்பதாக மனதுக்குள் நினைத்தாலும் தணிகிறது. பக்கவாத நோயாளிக்கு இந்த வித்தை உதவுவது இதனால்தான். கம்ப்யூட்டர் அந்தத் தணிவுக்காகக் காத்திருக்கும். தணிந்ததும் கையுறையின் மோட்டாருக்கு உத்தரவு போகும், விரல்கள் மெல்ல விரியும். விரிந்த உணர்ச்சி தோல், தசை, மூட்டு வழியாக மூளைக்குத் திரும்பும். 'விரி' என்று நினைத்ததும் விரிந்ததும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் மூளையில் பதிகின்றன. இப்படி நூற்றுக்கணக்கான தடவை நடந்தால் அந்த வட்டாரத்து நரம்பிணைப்புகள் வலுப்படும் என்பது எதிர்பார்ப்பு.

சொல்ல எளிது. தலைக்கு வெளியே கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்குதான். கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் அதைவிடப் பெரிய அலை எழும்பி உண்மையானதை மூழ்கடித்துவிடும். அதனால் நோயாளி ஆடாமல் உட்கார வேண்டும். தலைமுடியில் எண்ணெய் இருக்கவே கூடாது. இஇஜி எடுக்கும் இடங்களில் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்வது இதற்குத்தான். தினமும் தேங்காய் எண்ணெய் தடவும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு, வாரத்தில் நான்கைந்து நாள் இப்படி வா என்றால் அதுவே ஒரு சச்சரவு. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் இந்தக் கருவியை நினைப்பால் இயக்க வராதவர்கள் 100-க்கு 15 முதல் 30 பேர் என்று இத்துறையினர் சொல்வதும் உண்டு.

32 பேரிடம் செய்த சோதனை

இந்தக் கையுறைகளைப் பற்றி ஒரே ஓர் ஆய்வைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், ஜெர்மனியின் டியூபிங்கனில் நடந்து 2013-ல் வெளியானதைச் சொல்வேன். பாதித்த கையின் விரல்களை நீட்டவே முடியாத பழைய நோயாளிகள் 32 பேர். எல்லோருக்கும் அதே தொப்பி, அதே கருவி, அதே பிசியோதெரபி. ஒரு பாதிப் பேருக்குக் கருவி அவர்கள் முயன்றபோது அசைந்தது. மறு பாதிப் பேருக்கு அவர்களுடைய நினைப்போடு சம்பந்தமே இல்லாமல், தோன்றிய நேரத்தில் அசைந்தது. யார் எந்தக் குழு என்பது நோயாளிகளுக்குத் தெரியாது.

முதல் குழுவினர் கை இயக்க அளவுகோலில் சராசரியாக 3.4 புள்ளி முன்னேறினார்கள். இரண்டாவது குழுவில் அந்த முன்னேற்றம் இல்லை. 3.4 என்பது சின்ன எண்தான், அந்த முன்னேற்றத்தை வைத்துக்கொண்டு யாரும் வீணை வாசித்துவிட முடியாது. ஆனால் கருவி கையை எவ்வளவு ஆட்டியது என்பதைவிட, அவர் முயன்ற நேரத்தில் ஆட்டியதா என்பதுதான் கணக்கு என்று இந்தச் சோதனை காட்டிவிட்டது. பிறகு வந்த எந்த விளம்பரத்தையும் நான் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன்.

அமெரிக்காவின் நியூரோலூஷன்ஸ் நிறுவனத்தின் 'இப்ஸிஹேண்ட்' கருவிக்கு 2021 ஏப்ரலில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அது அலையைப் படிப்பது பாதிப்பில்லாத மறுபக்க மூளையிலிருந்து. அனுமதிக்கு அடிப்படையாக இருந்தது 40 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு.

கான்பூரும் வேலூரும் கிண்டியும்

நம் நாட்டில் இத்துறையில் முன்னே நிற்பது ஐஐடி கான்பூர். பேராசிரியர் ஆஷிஷ் தத்தா 15 ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து உருவாக்கிய மூளைவழி ரோபோ கையை அந்நிறுவனம் 2025 தொடக்கத்தில் அறிவித்தது. வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடந்த முன்னோட்டச் சோதனையில் இந்தியாவில் 4 பேர், பிரிட்டனில் 4 பேர். பக்கவாதம் வந்து ஓரிரு ஆண்டுகள் ஆகி, இனி முன்னேற்றமில்லை என்ற நிலையில் இருந்தவர்கள். எட்டுப் பேருமே நன்கு தேறினார்கள் என்கிறது நிறுவனம். நல்ல செய்திதான், ஆனால் எட்டுப் பேர் என்பது எட்டுப் பேர். கருவி கடைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

தாம்பரத்துக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கிண்டி ஐஐடி. அங்கே சுஜாதா சீனிவாசனின் குழுவும் வேலூர் சிஎம்சியில் சிவக்குமார் பாலசுப்ரமணியனின் குழுவும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கைப் பயிற்சி ரோபோவைச் செய்திருக்கிறார்கள். இது மூளை அலையைப் படிக்காது. மேஜைமேல் வைக்கக்கூடிய ஒரே மோட்டார். அதில் கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பூட்டலாம். ஒன்று மணிக்கட்டை மடக்கி நீட்ட, ஒன்று முன்கையைத் திருப்ப, இன்னொன்று விரல்களைத் திறந்து மூட. எதிரே திரையில் விளையாட்டு ஓடும். நோயாளி எவ்வளவு முயல்கிறாரோ, அதற்கு மேல் தேவைப்படும் உதவியை மட்டும் மோட்டார் கொடுக்கும். டியூபிங்கன் சொன்ன சேதியைத் தலையில் தொப்பி மாட்டாமலே ஓரளவு கடைப்பிடிக்கும் கருவி என்பேன். நம் ஊர் கிளினிக்குகளுக்குக் கட்டுப்படியாவதும் இந்த வகைதான்.

ஆன்லைனில் விற்பது வேறு

'ரோபோ கையுறை' என்று தேடினால் கறுப்புக் கையுறையும் சின்னப் பெட்டியும் சேர்ந்த படங்கள் வரிசையாக வரும். பெட்டியிலிருக்கும் பம்ப் குழாய் வழியாகக் காற்றை ஏற்றி இறக்க, விரல்கள் விரியும், மடங்கும். இதற்கும் மூளைக்கும் தொடர்பில்லை. மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்ள உதவலாம். ஆனால் டிவி சீரியலைப் பார்த்தபடி அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், டியூபிங்கனின் இரண்டாவது குழுவில் சேர்ந்த மாதிரிதான். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒன்று செய்யலாம்: காற்று ஏறும் ஒவ்வொரு தடவையும் நோயாளி விரலைப் பார்த்து, தானே விரிக்க முயல வேண்டும். சில மாடல்களில் நல்ல கைக்கும் ஓர் உறை இருக்கும். நல்ல கையை விரித்தால் இதுவும் விரியும், அது கொஞ்சம் தேவலை.

ஸ்டான்லியில் படித்தவர் தந்த கண்ணாடி

ரோபோவே இல்லாத ஒரு வழியும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளராகப் புகழ்பெற்றவர் வி.எஸ்.ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்டவர்களின் மாய வலிக்கு 1990-களில் அவர் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். அதே உத்தியைப் பக்கவாதக் கைக்குப் பயன்படுத்திப் பார்த்த, அவரும் பங்கேற்ற சிறிய ஆய்வு 1999-ல் 'லான்செட்' இதழில் வந்தது. இன்று உலகெங்கும் இது வழக்கமான சிகிச்சை.

மேஜையில் கண்ணாடியை நோயாளியின் நடுவே செங்குத்தாக நிறுத்தி, பாதித்த கையை அதன் பின்னால் மறைக்க வேண்டும். நல்ல கையின் மோதிரம், வாட்ச், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், கண்ணாடியில் தெரிவது அந்த இன்னொரு கை என்று மூளை நம்ப வேண்டுமே. பிறகு கண்ணாடியையே பார்த்தபடி இரண்டு கைகளையும் சேர்த்து விரிக்க முயல வேண்டும். தினமும் அரை மணி நேரம். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டால் வீட்டில் தொடரலாம்.

தாம்பரத்தில் இன்று

முதலில் அவசர விஷயம். வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அவகாசம் நாலரை மணி நேரம். அதற்குள் சி.டி. ஸ்கேனும் முடிய வேண்டும். ஜிஎஸ்டி சாலை நெரிசலில் இதில் எவ்வளவு கரையும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவிலும் ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் உள்ள ஆஸ்பத்திரி எது என்பதை இன்றைக்கே விசாரித்து வைப்பது நல்லது. பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்கக் கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அலைவது அந்த நாலரை மணி நேரத்துக்குள்தான்.

கை தேறுவதற்கு முதல் மூன்று மாதம் பொன்னானது. பிறகும் முன்னேற்றம் நிற்பதில்லை, வேகம்தான் குறையும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் சிகிச்சை உண்டு.

ஏதாவது ஒரு கிளினிக்கில் 'மூளை கையுறை' என்று சொன்னால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: நோயாளி முயலும்போது மட்டும்தான் கருவி அசையுமா? எத்தனை வாரம்? தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் கையை எந்த அளவுகோலில் அளப்பீர்கள்? வலிப்பு வந்தவர்கள், தோளில் வலி உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்டிலிலிருந்து எழுப்பும்போது பாதித்த கையைப் பிடித்து இழுப்பதாலும் அந்தத் தோள்வலி வருவதுண்டு. அக்குளில் தூக்காமல், முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து, இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள்.