பறவைகளின் உணவுத்தட்டு

பிரிட்டனில் பனிக்காலம் பறவைகளுக்குத் துன்பக்காலம் ஆகும். அப்பொழுது நிலம் இறுகும், புழுபூச்சிகள் மறையும், இரை தேடுதற்குரிய பகற்பொழுதும் குறுகும். ஆதலின் இரக்கமுள்ள மக்கள் தம் தோட்டங்களில் உணவுத்தட்டுகளை அமைத்து, சூரியகாந்தி விதை, நிலக்கடலை முதலியவற்றை இடுவர். நாடோறும் பறவைகள் அங்கே கூட்டங்கூட்டமாக வந்து பசியாறும்.

2005 ஆம் ஆண்டில் இந்நற்செயலுக்கு எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. ‘கிரீன்பிஞ்ச்’ எனப்படும் பச்சைநிறச் சிறு பறவைகள் பல, இறகு சிலிர்த்துச் சோர்ந்து, தட்டுகளின் அருகே மடிந்து கிடந்தன. அறிஞர்கள் ஆராய்ந்தபோது, ‘டிரைக்கோமோனாஸ்’ என்னும் ஓரணு உயிரே காரணம் என்பது புலனாயிற்று. முன்னர்ப் புறாக்களிடையே காணப்பட்ட நோய், இப்பொழுது சிறு பறவைகளையும் பற்றியது.

இந்நோய் பரவும் வகை யாது? நோய்க்கிருமி பறவையின் தொண்டையில் தங்கிப் புண்ணை உண்டாக்கும். பறவை பசியால் விதையைக் கொத்தும். ஆனால் விழுங்க இயலாமல் எச்சிலோடு கீழே விடும். அவ்விதையை வேறொரு பறவை உண்ணும். நோயும் அதனுடன் செல்லும். பரந்த வெளியில் இரை தேடும் பறவைகள் ஒரே தட்டில் நெருங்கிக் கூடுவதால், நோய் எளிதில் பரவியது. ஏறத்தாழ 43 இலட்சமாக இருந்த கிரீன்பிஞ்சுகள், 2009 ஆம் ஆண்டிற்குள் 28 இலட்சமாகக் குறைந்தன. 2021 ஆம் ஆண்டில் அப்பறவை, அந்நாட்டில் பெரிதும் பாதுகாக்கப்பட வேண்டியவற்றின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இக்கிருமி ஈரத்தில் வாழ்வது. நன்கு உலர்ந்த இடத்தில் விரைவில் அழிவது. தடுக்கும் வழியும் இதனாலேயே விளங்கும். ஒருநாளில் தீரும் அளவே உணவிடல் வேண்டும். வாரந்தோறும் எஞ்சிய விதையையும் எச்சத்தையும் அகற்றி, தட்டைக் கிருமிநாசினி கலந்த நீரால் தேய்த்துக் கழுவி, முற்றும் உலர்த்திய பின்னரே மீண்டும் உணவு இடல் வேண்டும். குடிநீரை நாள்தோறும் மாற்றல் வேண்டும். தட்டு வைக்கும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுதல் நன்று. பறவையின் எச்சத்தால் மனிதர்க்கும் சில நோய்கள் வரக்கூடுமாதலின், தட்டைச் சமையலறையில் கழுவலாகாது. பணி முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

நோயுற்ற பறவை ஒன்று தென்பட்டால், இரண்டு வாரமேனும் உணவிடுதலை நிறுத்தல் வேண்டும். இது கன்மனச் செயல்போலத் தோன்றலாம். ஆயினும், பறவைகள் பல இடங்களுக்கும் பிரிந்து சென்று இரை தேடுவதால் நோய் பரவுதல் குறையும். உயிர்களிடத்து அன்பு காட்டுதல் உயர்ந்த பண்பாகும். அவ்வன்போடு அறிவும் தூய்மையும் சேர்ந்தால்தான், நாம் இடும் உணவு அவற்றின் உயிரைக் காக்கும்.