தங்கையின் தெற்றுப்பல்

பல் மருத்துவப் படிப்பில் முதலில் என் கைக்கு வந்தது பல் அல்ல, ஒரு மெழுகுக் கட்டி. அதில் மேல்வரிசையின் வலப்பக்க நடு வெட்டுப்பல்லைச் செதுக்க வேண்டும். உயரம் 10.5 மில்லிமீட்டர், அகலம் 8.5 மில்லிமீட்டர். நடுக்கோட்டை ஒட்டிய மூலை ஏறக்குறைய செங்கோணமாகவும் மறுமூலை சற்று வளைந்தும் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவிவிட்டால் புதுக் கட்டியில் மறுபடியும் ஆரம்பம். என் முதல் படைப்பைப் பார்த்த விரிவுரையாளர், "இது பல்லா, பலாக்கொட்டையா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

சில மாதங்களில் கை பழகியது. கூடவே கண்ணும் பழகிவிட்டது. எல்.ஆர்.டி. ரயிலில் எதிரே அமர்ந்து சிரிப்பவரின் முகம் என் மனத்தில் நிற்காது. அவருடைய பக்கவாட்டு வெட்டுப்பல் சிறியது, ஈறு ஒருபுறம் உயர்ந்திருக்கிறது என்பதுதான் நிற்கும். முன்பற்களின் அகல விகிதம் பற்றிப் படித்தபோது 1.618 என்ற 'தங்க விகிதம்' வந்தது. அது ஒரு வழிகாட்டி மட்டுமே. இயற்கையான பல்வரிசைகள் பலவற்றில் அது அமைவதில்லை. நானோ அதையே சட்டமாக்கிக்கொண்டு ஊரையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு வீட்டில் குடும்பப் படம் எடுத்தோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த நான், படிவம் 4 படிக்கும் தங்கையிடம் சொன்னேன்: "உன் பல்வரிசையின் நடுக்கோடு முகத்தின் நடுவில் இல்லை. 2 மில்லிமீட்டராவது விலகியிருக்கு. கோரைப்பல்லும் மேலே ஏறி நிக்குது." பெருமையாகத்தான் சொன்னேன். படித்ததைக் காட்டும் ஆசை.

பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தத் தெற்றுப்பல்தாண்டி அவளுக்கு அழகு!" என்றார். தங்கை ஒன்றும் பேசவில்லை. அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பியபோதுதான் கவனித்தேன். அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

சில வாரங்கள் கழித்து என் கைப்பேசிக்கு அவள் ஓர் இயங்கலை விளம்பரத்தை அனுப்பினாள். வீட்டுக்கே வந்து பல்லுக்குக் கம்பி மாட்டுவார்களாம்; விலையும் மலிவாம். "அக்கா, இது போதுமா?" என்று கேட்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலேசியாவில் பதிவு பெற்ற பல் மருத்துவரோ, சட்டம் அனுமதிப்பவரோ அல்லாத ஒருவர் இப்படிச் சிகிச்சை செய்வது குற்றம். கம்பி பல்லை எலும்புக்குள்ளேயே நகர்த்துகிறது. விசை தவறினால் வேர் கரையலாம், பல் ஆடலாம். பல்லின் மேல் ஒட்டும் வெனீரும் விளையாட்டல்ல. பெரும்பாலும் அதற்காக எனாமலைச் சீவுகிறார்கள். எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் போனால் திரும்ப வளராது. மெழுகு என்றால் புதுக் கட்டி எடுக்கலாம். பல்லுக்கு அது முடியாது.

அந்தச் சமயத்தில் வகுப்பில் 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்தோம். புன்னகைப் படங்களைச் சிறிது சிறிதாக மாற்றி, பல் சீரமைப்பு நிபுணர்கள், பொதுப் பல் மருத்துவர்கள், பொதுமக்கள் ஆகியோரிடம் காட்டியிருக்கிறார்கள். நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகிய பிறகுதான் நிபுணர்களுக்கே அது குறையாகப் பட்டது. மற்ற இரு குழுவினருக்கும் அந்த அளவிலும் தெரியவில்லை. முன்பற்கள் 2 மில்லிமீட்டர் சாய்ந்திருந்ததையோ மூன்று குழுவினரும் கண்டுகொண்டார்கள்.

அதைப் படித்ததும் தங்கையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நிபுணர்களும் பொருட்படுத்தாத 2 மில்லிமீட்டரைச் சொல்லி அவள் சிரிப்பை நான் மூடியிருந்தேன்.

பதிவு பெற்ற பல் மருத்துவர் ஒருவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். அவர் வாயைப் பார்ப்பதற்கு முன்பே, "உனக்கு எதும்மா பிரச்சினை?" என்று கேட்டார். தங்கை யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா சொல்ற வரைக்கும் ஒண்ணும் இல்ல, டாக்டர்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு மருத்துவர் விளக்கினார். மேல் கோரைப்பல் பொதுவாக 11, 12 வயதில்தான் முளைக்கும். அதற்குள் அக்கம்பக்கத்துப் பற்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது வெளியே தள்ளி நிற்கும். அதுதான் தெற்றுப்பல். நடுக்கோட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்; ஆனால் அந்த இடுக்கில் அழுக்கு சேர்கிறது, கவனமாகத் துலக்க வேண்டும் என்றார். கம்பி போடலாமா என்பதை அவளே நிதானமாக முடிவு செய்யட்டும், அவசரமில்லை என்றும் சொன்னார். எஸ்.பி.எம். முடிந்த பிறகு யோசிக்கிறேன் என்று தங்கை கூறிவிட்டாள்.

பல் உடற்கூறியல் எனக்குத் துல்லியமான கண்ணைத் தந்தது. நாளை உடைந்த பல்லை ஒட்டும்போது அந்தக் கண் கட்டாயம் வேண்டும். ஆனால் கேட்காதவரிடம் குறை சொல்ல அது உரிமம் அல்ல. இப்போது யாராவது, "என் பல் எப்படி இருக்கு?" என்று கேட்டால், "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

நண்பர்களே, உங்கள் பல்லில் மாற்றம் வேண்டும் என்று தோன்றினால், அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை யோசியுங்கள். வலியா, மெல்லுவதில் சிரமமா, உங்கள் சொந்த விருப்பமா, அல்லது யாரோ போகிற போக்கில் சொன்ன சொல்லா? அதன் பிறகு பதிவு பெற்ற மருத்துவரிடம் செல்லுங்கள்.

இவ்வாண்டு தீபாவளிப் படத்தில் தங்கை கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.