முதல் பாடம் விழுவது

ஒசூரில் ஷிப்ட் முடித்து பஸ் ஏறும் நேயர்களே! கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டினால் குடியாத்தம். 2023 ஜனவரியில் காலமான சண்டைப் பயிற்சியாளர் ‘ஜூடோ’ ரத்னத்தின் ஊர். நம்மில் பலருக்கு ஜூடோ என்ற சொல்லே சினிமா டைட்டிலில் அவர் பெயரோடு வந்ததுதான்.

1882இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் ஜிகோரோ கானோ தொடங்கிய கலை இது. எதிராளியைத் தூக்கி எறிய அப்புறம்தான் சொல்லித் தருவார்கள். முதலில் விழப் பழக வேண்டும். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, பின்மண்டை தரையில் படாமல், கையை நீட்டிப் பாயில் ஓங்கித் தட்டினால் அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடும். சினிமா வில்லன் விழுகிற அழகு வேறு கணக்கு!

மழைநாளில் பஸ் ஸ்டாண்டில் வழுக்கினால் நாம் சட்டென்று உள்ளங்கையை ஊன்றுகிறோம். மணிக்கட்டு பெரும்பாலும் அப்படித்தான் முறிகிறது.