கொடிக்காலின் தூண்

அமாவாசை காலையில் பெரிய கோயில் வாசல்களில் அகத்திக்கீரைக் கட்டுகள் குவிந்து கிடக்கும். ஒரு கட்டு வாங்கி, பக்கத்தில் நிற்கும் பசுவின் வாயில் கொடுத்துவிட்டு நகர்கிறோம். மாட்டுக்குப் புண்ணியமாகக் கொடுப்பதை நம் வீட்டு அடுப்பில் ஏற்ற மட்டும் தயக்கம். 'கசக்கும்', 'சாப்பிட்ட மருந்தை முறித்துவிடும்' என்ற இரண்டு குற்றச்சாட்டுகளே அகத்தியைச் சமையலறையிலிருந்து வெளியேற்றப் போதுமானவையாக இருக்கின்றன.

மருந்துண்ணும் காலத்தில் அகத்தியை விலக்குவது சித்த மருத்துவத்தின் பழைய பத்திய விதி. மருந்து எடுப்பவர்கள் அதை மீற வேண்டியதில்லை. ஒரு மாத்திரைகூடப் போடாதவர்களும் அதையே சாக்காகச் சொல்லி ஒதுக்குவதுதான் வேடிக்கை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முன்பு வெளியிட்ட உணவு அட்டவணையில், 100 கிராம் அகத்திக்கீரையில் 1,130 மில்லிகிராம் கால்சியமும் 8.4 கிராம் புரதமும் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. அதே அளவு பசும்பாலில் கால்சியம் 120 மில்லிகிராம்தான். கீரையில் உள்ள கால்சியம் முழுவதையும் உடல் உறிஞ்சிக்கொள்வதில்லை என்பது உண்மை; அதைக் கழித்துப் பார்த்தாலும் இது சாதாரணக் கீரையல்ல. வைட்டமின் ஏ-வாக மாறும் கரோட்டினும் இதில் ஏராளம். ஏகாதசி விரதம் முடித்த மறுநாள், துவாதசிப் பாரணையில் நெல்லிக்காயோடும் சுண்டைக்காயோடும் அகத்தியைச் சேர்த்த முன்னோர்களிடம் இந்த அட்டவணை இருந்ததில்லை.

அவரை, துவரையின் குடும்பத்தைச் சேர்ந்தது அகத்தி. பசுந்தாள் உரமாக வயலில் மடக்கி உழும் தக்கைப்பூண்டும், மணிலா அகத்தியும் இதற்கு நெருங்கிய உறவு. இதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கின்றன. இலையில் இவ்வளவு புரதம் சேர்வதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் அகத்தியின் முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமானால் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போக வேண்டும். சோழவந்தான் பக்கமோ, தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் பக்கமோ ஒரு கொடிக்காலுக்குள் குனிந்து நுழைந்தால் வெளியே அடிக்கும் வெயில் சட்டென்று தணிந்துவிடும். வரிசையாக, நெருக்கமாக, கிளையில்லாமல் நெடுநெடுவென நிற்கின்றன அகத்திகள். தண்டின் மேல் வாழைநாரால் கட்டிய வெற்றிலைக் கொடி, கணுவுக்குக் கணு சிறு வேர்களைவிட்டுப் பற்றியிருக்கிறது. மிருதுவான, வெடிப்புகள் ஓடும் அகத்திப் பட்டை அந்த வேர்களுக்கு நல்ல பிடிமானம். வெற்றிலை அடிப்படையில் காட்டு நிழலில் படரும் கொடி. நேர் வெயிலில் இலை வெளிறிவிடும், இருட்டில் வைத்தால் தளிர்க்காது. அகத்தியின் இலை ஒவ்வொன்றும் ஜோடி ஜோடியான சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதால், மேலே விழும் வெயில் சல்லடையில் சலித்ததுபோல் கீழே இறங்குகிறது. நிழல் மிஞ்சினால் விவசாயி பக்கக் கிளைகளைக் கழிக்கிறார். கழித்தது மாட்டுக்குப் போகிறது. உதிரும் இலை மண்ணுக்கு உரம். இத்தனை வேலையையும் ஒரு சிமென்ட் தூண் செய்யாது.

பலவீனமும் உண்டு. வேகமாக வளர்வதால் மரம் மென்மை. பலத்த காற்றுக்கு முறியும், ஆயுளும் குறைவு. தண்டுத் துளைப்பான் என்ற அந்துப்பூச்சியின் புழு உள்ளே குடைந்துவிட்டால் இளமரம் சாய்கிறது, அதை நம்பி ஏறிய கொடியும் கூடவே சாய்கிறது.

பூவைச் சொல்லாமல் விடக் கூடாது. பிறைபோல் வளைந்த பெரிய மொட்டுகள் கொத்தாகத் தொங்கும். விரிந்த பூ விரல் நீளத்துக்கு இருக்கும்; வெள்ளை வகையே அதிகம், சிவப்புப் பூ பூப்பது செவ்வகத்தி. தேன் தேடி வரும் சிட்டுகள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. தாய்லாந்தில் இந்தப் பூவைப் புளிப்புக் குழம்பில் போடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் 'கதுராய்' என்ற பெயரில் சாலட்டாகிறது. நம் ஊரில் பொரியல். எங்கே சமைத்தாலும் நடுவிலுள்ள கசப்பான மகரந்தத் தண்டைக் கிள்ளிவிடுவது பொது விதி. கீரையின் கசப்புக்கு அரிசி கழுவிய தண்ணீர், பாசிப்பருப்பு, கடைசியில் தேங்காய்த் துருவல் போதும்.

வளர்க்க அதிகம் மெனக்கெட வேண்டாம். விதையை இரவு முழுக்க ஊறவைத்து, வெயில் படும் இடத்தில் நேரடியாக ஊன்றலாம். சற்று உவர் நிலமானாலும் தாங்கும். ஆளுயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு, கைக்கெட்டும் உயரத்தில் கீரை தரும். தீவனத்துக்காக வளர்ப்பவர்கள் சுமார் 8 மாதத்தில் முதல் அறுவடை எடுக்கிறார்கள். ஆசைப்பட்டு மொத்த இலையையும் உருவிவிடாதீர்கள். அடிக்கடி மொட்டையடித்தால் அகத்தி பட்டுப்போகும். ஆடு மாடுகளுக்கு அருமையான தீவனம்தான், ஆனால் கோழிக் குஞ்சுகளுக்கு இந்த இலை ஆகாது. கோழி வளர்க்கும் வீடுகளில் கழித்த தழையைக் கூண்டுப் பக்கம் போடாமல் இருங்கள்.